கட்டிங் மாஸ்டர் கழற்றிய டயர்

என் அத்தானுக்குப் பொறாமை அதிகம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம், அவருக்கு இது. கூடவே பிறந்தது, கூடவே இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறது.

அக்காவைக் கட்டிக்கொண்டவர். தொழில், தையல் கடையில் துணி வெட்டுவது. கட்டிங் மாஸ்டர் என்றால் அந்தக் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆள் ஒல்லி, கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும், சாப்பிடும்போதும் அதைக் கழற்ற மாட்டார். தெருவில் யாராவது பொருத்தமான சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்தால், ஆளின் முகத்தைப் பார்க்காமல் தோள்பட்டைத் தையலைப் பார்ப்பார். தான் வெட்டியது அல்ல என்று தெரிந்தால் அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரிடமும் சரியாகப் பேச மாட்டார். "யாரு செத்துட்டாங்கன்னு இப்படி உக்காந்திருக்கீங்க?" என்று அக்கா கேட்பாள். எதிர்க்கடைக்காரன் நல்ல சட்டை தைத்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது? தலைவலி என்பார்.

அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்ததே ஒரு சட்டையால்தான். என் அப்பா தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் இருந்தவர். இடது தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, அந்தத் தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. எந்தச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் தொங்கும். மற்ற தையல்காரர்கள் உள்ளே பஞ்சு வைத்துத் தூக்கப் பார்த்தார்கள். இவர் மட்டும் எதையும் கேட்காமல் இடது பக்கத் துணியைக் கொஞ்சம் இறக்கி வெட்டிவிட்டார். சட்டை நேராக உட்கார்ந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். அப்புறம் அந்தக் கடைக்குத் தேவையில்லாமலே போக ஆரம்பித்தார். கடைசியில் மகளையே கொடுத்துவிட்டார்.

அத்தானுக்கு அப்பா கிடையாது. முகம்கூட நினைவில்லை. சின்ன வயதிலேயே கடையில் பொத்தான் துளை தைக்கிற காஜா வேலைக்குப் போனவர். ஆகவே என் அப்பா அவருக்கு மாமனார் மட்டுமல்ல. அப்பா தும்மினால் முதலில் எழுந்து ஓடுவது அவர்தான். கண் டாக்டரிடம் கூட்டிப்போவது, முடிவெட்டக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். நான் ஒருவன் பெற்ற பிள்ளையாகப் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் நிற்பேன். "நீ சும்மா இரு மச்சான், உனக்கு மாமாவைப் பத்தித் தெரியாது" என்பார். எனக்குத் தெரியாதாம்!

இந்த ராஜ்யத்துக்குள்தான் டிப்போ வந்து சேர்ந்தார்.

டிப்போ என்பது என் தங்கையின் கணவர். பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை. நல்ல உயரம், நல்ல சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் உடனே ஒட்டிக்கொள்வார். அத்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "அந்த டிப்போ வந்துச்சா?" என்பார். அது வீடு முழுக்கப் பரவி, பிறகு எல்லோருக்கும் அவர் டிப்போ ஆகிவிட்டார். அவரே போனில் "நான் டிப்போ பேசுறேன்" என்பார். கோபமே வராது. அதுவும் அத்தானுக்குப் பிடிக்காது.

முதல் அடி விழுந்தது ஒரு வார்த்தையில். அதுவரை அப்பா வாயில் "மாப்ளே" என்று வந்தால் அது ஒரே ஆளைக் குறிக்கும். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு, குழப்பம் வேண்டாமென்று, அப்பா அவரைப் "பெரிய மாப்ளே" என்று கூப்பிட ஆரம்பித்தார். மரியாதைதான் கூடியது. ஆனால் அத்தானின் முகம் அன்றைக்குச் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். முழு வீட்டில் இருந்தவனை ஒரு அறைக்கு மாற்றினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தார். அப்புறம் டிப்போ ஒரு ரெடிமேட் சட்டை வாங்கிக் கொடுத்தார். அப்பா மறுக்கத் தெரியாமல் போட்டுக்கொண்டார். இடது பக்கம் தொங்கியது. அத்தான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய்விட்டார்.

இப்படியிருக்க, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கக் கால் விளங்காமல் போனது. பிழைத்தார், பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் மட்டும் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போவார், அவ்வளவுதான். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தான் வீடு தரைத்தளம். யாரும் கேட்கும் முன்பே அவர் கட்டிலைப் போட்டுவிட்டார்.

வாழ்நாள் முழுக்கத் தெருவில் நடந்த மனிதர் எங்கள் அப்பா. ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருந்தது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். "ஒரே ஒரு தடவை தெருவைப் பார்த்துட்டு வந்தா போதும்" என்பார். முதலில் வேடிக்கையாகச் சொன்னார். பிறகு வேடிக்கையாகச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

நான் அலைந்து திரிந்து ஒரு பழைய தள்ளுநாற்காலியைப் பிடித்தேன். ஒரு ஆஸ்பத்திரி கிடங்கில் வருஷக்கணக்காக மூலையில் கிடந்தது. சட்டம் நன்றாக இருந்தது. முன்சக்கரம் இரண்டும் கெட்டி ரப்பர், பழுதில்லை. பின்னால் இருந்த இரண்டும் காற்றடிக்கிற சின்னச் சக்கரம். அவற்றின் டயர்தான் காற்றுப் போய், காய்ந்து, விறைத்து, ரிம்மோடு ஒட்டிப்போயிருந்தது. புது டயரும் ட்யூபும் வாங்கிவிட்டேன். பழசைக் கழற்றினால் போதும். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். "இவ்ளோ சின்ன ரிம்முல டயரை நெம்புற லிவர் நிக்காது சார். அழுத்தினா ரிம் வளைஞ்சிரும். நான் பொறுப்பு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"டிப்போகிட்ட கொடுத்துடலாமா?" என்று நான் கேட்டதுதான் தப்பு.

"எதுக்கு? நம்ம வீட்டுல கை இல்லையா?" என்று அத்தான் இரண்டு சக்கரத்தையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடம். அங்கே உட்கார்ந்து முதலில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். அது வழுக்கி முட்டியில் இடித்தது. அடுத்து அக்காவின் தட்டைக் கரண்டி. அது வளைந்தது, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். டயரின் விளிம்பு ரிம்மை விட்டு ஒரு நூல் அளவுகூட நகரவில்லை. உள்ளே துருவும் ரப்பரும் ஒன்றாகிப் போயிருந்தன. மேலே ஏறி மிதித்துப் பார்த்தார். அவர் எடைக்கு அந்த டயர் மரியாதை கொடுக்கவில்லை.

பிறகு ஒரு கட்டிங் மாஸ்டர் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார்.

அவரிடம் ஒரு கத்திரி உண்டு. கனமானது, கறுப்புப் பிடி. அதை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை நான் அதில் ஒரு காகிதத்தை நறுக்கப் போய், பல நாள் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் கத்திரியைக் கடையிலிருந்து எடுத்துவந்தார். ஒரு டயரின் பக்கவாட்டில் சாக்குக் கட்டியால் வட்டமாகக் கோடு போட்டார். கோடு பிசகாமல் வெட்டினார். காய்ந்த ரப்பர் அட்டை மாதிரி வந்தது, எனக்கே ஆச்சரியம். இரண்டு பக்கமும் வெட்டி, மேல் வட்டத்தை வளையல் மாதிரி உருவி எடுத்து, உள்ளே கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினார். "பார்த்தீங்களா மாமா, டிப்போல இப்படி நேரா வெட்டுவாங்களா?"

அப்பா கைதட்டினார். அந்தக் கைதட்டலில் தலைகால் புரியாமல், ரிம்மில் மிச்சம் ஒட்டியிருந்த விளிம்பையும் வெட்டப் போனார். விளிம்புக்குள் இரும்புக் கம்பி ஓடுவது அவருக்குத் தெரியாது. 'நறுக்' என்றது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்திரியின் வாயில் ஒரு பல் விழுந்துவிட்டது.

அவர் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். திரும்பவும் தடவினார். அக்கா வாயைத் திறக்கப் போனவள் மூடிக்கொண்டாள். அதைவிடக் கொடுமை, இப்போது டயர் போய் விளிம்பு மட்டும் ரிம்மில் மோதிரம் மாதிரி இறுகிக் கிடந்தது. பிடித்து நெம்பவும் ஒரு பிடி இல்லை. வேலை முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிப்போ வந்தார். வரும்போதே இரண்டு டயர் லிவர்களைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. என் தங்கையாகத்தான் இருக்கும்.

"அண்ணே, சக்கரத்தைக் கொடுங்க. நம்ம டிப்போல மெஷின் இருக்கு. ஒரு டீ குடிக்கிற நேரம்."

டிப்போ அவரை அண்ணே என்பது அத்தானுக்கு எரியும் கொள்ளியில் எண்ணெய். நான் இவனுக்கு எந்த ஊர் அண்ணன் என்று என்னிடம் எத்தனையோ தடவை பொருமியிருக்கிறார். இப்போது அதைச் சொல்லாமல், "சக்கரத்துக்கு பேரிங் வர வேண்டியிருக்கு. வந்ததும் பார்க்கலாம்" என்றார்.

பேரிங்காவது மண்ணாவது. சக்கரம் இரண்டும் அவர் கடையில், வெட்டுகிற மேஜைக்கு அடியில், துணி மூட்டைக்குப் பின்னால் இருந்தன. காலையிலேயே கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டு வந்திருந்தார். எனக்கு மட்டும் தெரியும். டிப்போ பின்கட்டில் கிடந்த வெட்டின ரப்பர் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "யாரு அண்ணே வெட்டினது? இவ்ளோ நேரா நான்கூட வெட்ட மாட்டேன்" என்று மனசாரச் சொன்னார். ஒருவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் அவன் மேல் எப்படித்தான் பொறாமைப்படுவது? அத்தான் காதில் புகை வந்தது.

அப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார்: "பெரிய மாப்ளே, அவரே செஞ்சு கொடுக்கறேங்கிறாரே. கொடுத்தா என்ன?"

"செஞ்சுடலாம் மாமா. நான் செஞ்சுடறேன்."

டிப்போ போனதும் அந்த லிவர் இரண்டையும் எடுத்து, வீட்டில் ஆடிக்கொண்டிருந்த தையல் மெஷின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

அப்புறம் நாட்கள் போயின. பேரிங் வரவில்லை. வராது. அப்பா கேட்பதையும் விட்டுவிட்டார். ஒரு மாலை நான் போனபோது அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. தூங்கவும் இல்லை, கண் திறந்திருந்தது.

அக்கா அதுவரை பொறுத்தவள் அன்றைக்கு வெடித்துவிட்டாள். பேரிங் ரகசியத்தை நான்தான் அவளிடம் உளறினேன், அதற்கு நான் வருத்தப்படவில்லை.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் போட்டி போடுங்க, கட்டிப் புரளுங்க, எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் இல்ல. நடுவுல எங்க அப்பா ஜெயில்ல கிடக்கறாரு. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஆகலன்னா நானே டிப்போவுக்கு போன் பண்ணுவேன். சக்கரத்தை மட்டும் இல்ல, அப்பாவையும் கூட்டிட்டுப் போகச் சொல்வேன்."

சக்கரத்தைச் சொன்னபோது அத்தான் முறைத்தார். அப்பாவைச் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. டேப்பின் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சண்டைக்கு வரவில்லை. அதில்தான் எனக்கு அவர் மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. இந்த மனிதருக்கு எங்கள் அப்பாவைத் தவிர வேறு அப்பா இல்லை.

மறுநாள் கடைக்கு லீவு போட்டார். என்னையும் போட வைத்தார். சக்கரங்களோடு கூடவே கடையின் பெரிய இஸ்திரிப் பெட்டியும் வந்து இறங்கியது. கோட்டுத் துணியைப் படிய வைக்கிற கனமான பெட்டி.

"விறைச்ச துணியை எப்படி வழிக்குக் கொண்டு வருவோம்? ஈரத் துணியைப் போட்டு அழுத்துவோம். இதுவும் விறைச்சதுதானே?" என்றார்.

ரிம்மில் ஒட்டியிருந்த விளிம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி, கொதிக்கிற பெட்டியை வைத்தார். ஆவி வந்தது, கூடவே ரப்பர் நாற்றம் வந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி அழுத்தினார். பிறகு துணியில் கோடு போட வைத்திருக்கும் தேய்ந்த சோப்புத் துண்டுகளை எடுத்து, விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே தேய்த்துத் தேய்த்து இறக்கினார். நகத்தால் அழுத்திப் பார்த்தார். விளிம்பு கொஞ்சம் இளகியிருந்தது. ஆனால் இறங்கவில்லை.

"எடை வேணும்" என்றார். என்னைப் பார்த்தார். என் உடம்பை வைத்து அவர் இத்தனை வருஷம் செய்த கிண்டலுக்கெல்லாம் அன்றைக்குப் பலன் கிடைத்தது. ஆனால் மிதித்தால் சக்கரம் நழுவியது. கட்டையை வைத்தால் கட்டை நழுவியது.

கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "இங்க கொண்டு வாங்க. கட்டில் காலுக்கு அடியில வைங்க."

இரும்புக் கட்டில். அப்பாவை மெல்ல இறக்கி ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்தோம். கட்டிலின் ஒரு மூலையைத் தூக்கி, கீழே சக்கரத்தைப் படுக்க வைத்து, டயர் விளிம்பின் மேல் ஒரு சின்ன மரக்கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கட்டில் காலை இறக்கினோம். நான் அந்த மூலையில் உட்கார்ந்தேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னையும் தூக்கி வைங்க" என்றார் அப்பா.

"வேணாம் மாமா."

"நானும் ஒரு ஆளுதான். எனக்கும் எடை இருக்கு. வைங்கன்னா."

தூக்கி வைத்தோம். கட்டிலின் ஒரு மூலையில் குடும்பமே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. அத்தான் தரையில் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அசையாதீங்க. அசையாதீங்க." அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பை அடக்க, கட்டில் ஆட, அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். விளிம்பு ரிம்மை விட்டு இறங்கிவிட்டது.

"என் எடைக்குத்தான்" என்றார் அப்பா. பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய அப்பாவைப் பார்த்தேன்.

சக்கரத்தைத் திருப்பிப்போட்டு மறுபக்கமும் இறக்கினோம். இரண்டாவது சக்கரத்தின் டயர் முழுசாக இருந்ததால் விளிம்பு சீக்கிரம் விட்டுக்கொடுத்தது. ஆனால் எல்லாவற்றையும் ரிம்மைத் தாண்டி வெளியே எடுக்க வேண்டுமே. கரண்டிக் காம்பு போதவில்லை. அக்கா போய், மெஷின் காலுக்கு அடியிலிருந்து அந்த லிவர் இரண்டையும் உருவிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஒன்றால் நெம்பிப் பிடித்து மற்றதை நகர்த்தி நகர்த்தி விளிம்பையும் டயரையும் உருவினார். நன்றாகத்தான் வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது.

ரிம் எங்கும் வளையவில்லை. துருவைத் தேய்த்துத் துடைத்து, புது டயரும் ட்யூபும் ஏற்றி, காற்றடித்து, சக்கரத்தை மாட்டிச் சுழற்றினார். சத்தமில்லாமல் சுழன்றது. அது நிற்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் அப்பாவை உட்கார வைத்துத் தெருவுக்கு இறக்கினோம். அப்பா சாக்கடை மூடி, சைக்கிள், கடையில் தொங்குகிற பை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் மீட்டரைப் பார்த்ததும் தன்னை அறியாமல் குனிந்து எண்ணைப் படித்தார். அத்தான் தள்ளிக்கொண்டு வந்தார். நிமிர்ந்த நடை, முகத்தில் அப்படியொரு பெருமிதம். தெரிந்தவர் எதிரே வந்தால் வேண்டுமென்றே நின்றார்.

நான் காற்றடிக்கிற பம்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். எனக்கும் கை அரித்தது. "கொஞ்ச தூரம் நான் தள்றேன் அத்தான்" என்றேன். காதில் விழாத மாதிரி நடந்தார். அவர் என் அப்பா, ஐயா! அன்றைக்கு அந்தத் தெருவில் அத்தான் மேல் எனக்கு வந்த பொறாமைக்கு அளவே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா தலையைத் திருப்பினார்.

"டிப்போ வீடு பக்கத்துலதானே? அங்க போலாம். காத்து சரியா இருக்கான்னு அவர் ஒரு தடவை பார்த்துட்டா நல்லது. ஆயிரம்தான் இருந்தாலும் அவருக்குத்தானே டயரைப் பத்தித் தெரியும்."

நாற்காலி ஒரு கணம் நின்றது. நான் அத்தானின் கையைத்தான் பார்த்தேன். பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. அப்பா இதை வேண்டுமென்று சொல்கிற ஆள் இல்லை. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டார். இஸ்திரிப் பெட்டியும் சோப்பும் பல் விழுந்த கத்திரியும் ஒரே பேச்சில் போயின.

"போலாம் மாமா" என்றார் அத்தான். தள்ள ஆரம்பித்தார்.

டிப்போ வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். திருப்பம் வந்தது. அத்தான் நேராகப் போனார்.

"திருப்பம் போயிடுச்சே?" என்றார் அப்பா.

"அந்தத் தெருவுல ஒரே பள்ளம் மாமா. உங்களுக்குக் குலுங்கும்."

அடுத்த திருப்பமும் வந்தது. அதிலும் இடது பக்கம் போகலாம். நாற்காலி அதையும் தாண்டியது.

"இங்க?"

"இங்கயும் பள்ளம்தான் மாமா."

தெரு வழவழவென்று கிடந்தது. அந்த ஊரின் ஒவ்வொரு தெருவையும் எத்தனையோ தடவை நடந்து தேய்த்த மனிதரிடம் இதைச் சொல்கிறார். அப்பா முன்னால் கிடந்த தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கையைப் பின்னால் நீட்டி, பிடியின் மேல் இருந்த அத்தானின் கையைத் தேடித் தொட்டு, அங்கேயே வைத்துக்கொண்டார்.

"ஆமா, இந்தப் பக்கம் எல்லாத் தெருவுமே மோசம். சுத்திக்கிட்டே போங்க" என்றார்.